மூணு வரி எழுத மூணு மாசமா?

தலைப்பு: மருத்துவத் துறைகள் கைகோர்ப்பதால் மக்களுக்குக் கிடைப்பது நிம்மதியா? அலைச்சலா?
('நிம்மதியே' அணியில் மூன்றாவதாகப் பேசியது)

மதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே! 'அலைச்சலே, அலைச்சலே' என்று அலை அலையாகப் பேசி அமர்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே! 'நிம்மதியே' என்று தலைப்பை எடுத்துக்கொண்டு, இப்போது நிம்மதியே இல்லாமல் உட்கார்ந்திருக்கும் என் அணித் தோழர்களே! (சிரிப்பு) ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தையும் துணி துவைக்கிற வேலையையும் தள்ளி வைத்துவிட்டு, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியில் இருந்து வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! 

நான் மேடைப் பேச்சாளி இல்லீங்க. கிராம சுகாதார செவிலியரா இருந்து ஓய்வு பெற்றவள். உங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, 'நர்சம்மா'. 1985-ல் வேலைக்குச் சேர்ந்தேன், 2019-ல் ஓய்வு. 34 வருஷம் பூந்தமல்லி, திருமழிசைப் பக்கம் நான் ஏறாத வாசப்படி இல்லை. நான் தெருமுனையில் வந்தாலே குழந்தைகள் எல்லாம் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிஞ்சுக்கும். அந்தக் குழந்தைகள்ல சிலது இன்னைக்கு மீசை வெச்சுக்கிட்டு இதே மண்டபத்துல உட்கார்ந்திருக்கு. பயப்படாதீங்கப்பா, இன்னைக்கு ஊசி கொண்டு வரலை! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் ஐயா, முதல்ல நம்ம ஊர்ல எத்தனை துறை இருக்குன்னு பார்த்துடலாம். பாடியில் ஏறி, சி.டி.எச். ரோட்டுல ஆவடி வரைக்கும் ஒரு பஸ்ல போவோம். அம்பத்தூர் வருது. அங்கே மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். 2011-ல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோட சேர்ந்ததால அது சென்னைக் கணக்கு. தொழிற்பேட்டைத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. மருந்தகம். அது தொழிலாளர் துறை. அரசு மருத்துவமனை இருக்கு. அது மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககம். பஸ் நகர்ந்தா திருமுல்லைவாயில். அது ஆவடி மாநகராட்சி. ஆவடிக்குள்ள போனா டாங்கித் தொழிற்சாலை மருத்துவமனை, பாதுகாப்புத் துறைக்குச் சேர்ந்தது. சி.ஆர்.பி.எஃப். மருத்துவமனை, அது உள்துறை அமைச்சகம். ரயில்வேக்காரங்களுக்கு ரயில்வே வைத்தியம். பூந்தமல்லிப் பக்கம் திரும்பினா கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்கள், அது பொது சுகாதாரத் துறை. இது எதுலயும் முடியலைன்னா கீழ்ப்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரி. அது மருத்துவக் கல்வித் துறை.

ஒரு பஸ் டிக்கெட்டுக்குள்ள இத்தனை துறை! இதுல ஒரு கொசு இருக்கு பாருங்க... அது அம்பத்தூர்ல பிறக்கும், திருமுல்லைவாயில்ல கடிக்கும், ஆவடியில போய்த் தூங்கும். அந்தக் கொசுவுக்கு எந்த மாநகராட்சி எல்லையும் தெரியாது, எந்த இயக்ககமும் தெரியாது. ஊரு ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம்னு சொல்வாங்க. துறை ரெண்டுபட்டா கிருமிக்குக் கொண்டாட்டம்! (பலத்த கைதட்டல்)

ஆனா, எதிரணித் தம்பி ஒருத்தர் நல்லா ஒரு கேள்வி கேட்டார். "துறைகளைப் பிரிச்சதே ஒரு காரணத்துக்காகத்தானே அம்மா? அப்புறம் எதுக்குச் சேரணும்?" என்று. நியாயமான கேள்வி. மதிச்சுத்தான் பதில் சொல்லணும்.

பிரிச்சதுல அர்த்தம் இருக்குங்க. சென்னை மாகாணத்துல 1922-லேயே பொது சுகாதாரத்துக்குன்னு தனித் துறை வந்தது. 1939-ல் பொது சுகாதாரச் சட்டம் வந்தது. இந்தியாவிலேயே அப்படி ஒரு சட்டம் முதலில் வந்தது இங்கேதான். ஏன் தனித் துறை? ஆஸ்பத்திரி வாசல்ல எப்பவும் கூட்டம் நிற்கும். வலியோட வந்தவனைப் பார்க்கிறதுக்கே டாக்டருக்கு நேரம் போதாது. அந்த டாக்டரையே கூப்பிட்டு, "கிணத்துல குளோரின் போட்டீங்களா, சாக்கடையைப் பார்த்தீங்களா, தடுப்பூசி போட்டீங்களா"ன்னு கேட்டா என்ன ஆகும்? நோய் வந்தவன் முன்னால நிற்பான், நோய் வராம காக்க வேண்டியவன் பின்னால போயிடுவான். அதனால தடுக்கிறதுக்குத் தனி ஆள், தீர்க்கிறதுக்குத் தனி ஆள். நம்ம மாநிலம் சுகாதாரத்துல பேர் வாங்கினதுக்கு இந்தப் பிரிவினையும் ஒரு காரணம்.

நான் கேட்கிறது துறைகளைக் கலைச்சு ஒண்ணாக்கணும்னு இல்லீங்க. அண்ணன் தம்பி தனித்தனி வீட்டுல இருக்கலாம். ஆனா, அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னா ரெண்டு பேரும் பேசிக்கணுமா இல்லையா? (கைதட்டல்) அவ்வளவுதான் நான் கேட்கிறது.

சரி, எதிரணி சொன்ன குறைகளுக்கு வர்றேன். மழுப்ப மாட்டேன். உண்மையைச் சொல்லிட்டுத்தான் அடுத்தது.

முதல் குறை, 'ஆளு கூடினா பாம்பு சாகாது' என்றார்கள். ஒத்துக்கிறேன். என் மாமியார் வீடு கூட்டுக் குடும்பம். நாலு மருமகள்கள். அடுப்புல பால் வெச்சிருக்கும். பெரியவ பார்த்துக்குவான்னு சின்னவ நினைப்பா, சின்னவ பார்த்துக்குவான்னு நடுவுள்ளவ நினைப்பா. நாலு பேரும் அடுப்படியிலேயே நின்னு பேசிக்கிட்டிருப்போம், பால் பொங்கி வழிஞ்சிரும்! (சிரிப்பு) இதேதான் துறைகள்லயும் நடக்குது. கூட்டம் போடுவாங்க, டீ வரும், போண்டா வரும், எல்லாரும் தலையாட்டுவாங்க. "யார் செய்யறது?" என்று கேட்டா, எல்லாரும் பக்கத்து நாற்காலியைப் பார்ப்பாங்க.

ரெண்டாவது குறை, எழுத்து வேலை. இதை என்னைவிட நல்லா யாராலும் சொல்ல முடியாதுங்க. ஒரு காலத்துல மலேரியாவுக்கு ஒரு ஆள், அம்மைக்கு ஒரு ஆள், குடும்ப நலத்துக்கு ஒரு ஆள்னு தனித்தனியா வருவாங்க. 1973-ல் கர்த்தார் சிங் தலைமையில் ஒரு குழு, 'ஒரு வீட்டுக்கு இத்தனை பேர் எதுக்கு? எல்லா வேலையும் தெரிஞ்ச பல்நோக்குப் பணியாளரை வையுங்கள்' என்று சிபாரிசு செய்தது. நல்ல யோசனைதான். ஆனா, வேலையை ஒண்ணாக்கினவங்க ரெஜிஸ்டரை ஒண்ணாக்கலை! ஒருநாள் குழந்தையை எடை போடுற தராசுல, விளையாட்டா என் பையை மாட்டிப் பார்த்தேன். குழந்தையைவிட ரெஜிஸ்டர் கனம்! (பலத்த சிரிப்பு)

மூணாவது குறை, தனித்திறமை போயிடும் என்றார்கள். அதுவும் உண்மை. அந்தக் காலத்துத் தொழுநோய் ஆய்வாளர் ஒருத்தர் எனக்குத் தெரியும். டீக்கடையில நின்னுக்கிட்டே எதிர்ல போறவரின் காது மடலைப் பார்த்து, "அவரைக் கூப்பிடுங்க" என்பார். சரியா இருக்கும். எல்லா வேலையும் எல்லாருக்கும்னு ஆனபோது, அந்தக் கண்ணு எல்லாருக்கும் வரலை. அந்தக் கண்ணை அடுத்தவங்களுக்குப் பழக்கிக் கொடுத்த பிறகுதான் பொறுப்பை மாத்தணும்.

நாலாவது குறை, ரகசியம். இதுதான் ரொம்ப முக்கியமானது. துறைக்குத் துறை தகவல் போனா, என் வியாதி ஊருக்கே தெரிஞ்சுடுமே என்கிற பயம். எச்.ஐ.வி. இருந்த ஒரு பொண்ணு என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "சிஸ்டர், அந்தச் சீட்டுல மட்டும் எழுதாதீங்க. அங்கே வேலை பார்க்கிறது எங்க பெரியப்பா பொண்ணு" என்று அழுதா. அந்தப் பயத்தைச் சின்னதுன்னு யாரும் சொல்லக் கூடாது. எச்.ஐ.வி. பற்றி 2017-ல் சட்டமே வந்து, 2018-ல் நடைமுறைக்கு வந்தது. நோயாளி சம்மதம் இல்லாமல் அவர் நிலையை வெளியே சொல்லக் கூடாது என்று சொல்கிற சட்டம்.

(நடுவர்: அம்மா, நீங்கள் எந்த அணி? எதிரணிக்காரர்கள் உங்களுக்குக் கை தட்டுகிறார்கள்! - சிரிப்பு)

ஐயா, குறையை மறைச்சு ஜெயிச்சா அது ஜெயிப்பா? இவ்வளவு குறையும் தெரிஞ்ச பிறகும் நான் ஏன் இந்தப் பக்கம் நிற்கிறேன்? அதைச் சொல்லத்தான் வந்தேன். இதுவரை எந்த மேடையிலும் சொல்லாத ஒரு விஷயம்.

மூணாவது வரிசையில் ஓரமா, நீலச் சட்டை போட்டு உட்கார்ந்திருக்காரே, அவர் என் வீட்டுக்காரர். அம்பத்தூர் எஸ்டேட்டுல ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டினவர். சர்க்கரை வியாதி உண்டு. அதுக்கு ஒரு இடத்துல மருந்து வாங்குவார். எந்த இடம் என்கிற பேரெல்லாம் வேண்டாம். பேர் சொல்லிப் புகார் பண்ண நான் வரலை.

2008 கார்த்திகை மாசம் அவருக்கு இருமல் ஆரம்பிச்சது. லேத் பட்டறைப் புகை, தூசின்னு நினைச்சோம். உடம்பு இளைச்சது. சர்க்கரை கூடிப்போச்சுன்னு நினைச்சோம். மார்கழியில் சளிப் பரிசோதனை பண்ணினா, காசநோய்.

யோசிச்சுப் பாருங்க. நான் நர்சம்மா. எத்தனையோ வீட்டு வாசல்ல நின்னு, "ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருக்கா? சளியைப் பரிசோதனை பண்ணுங்க" என்று சொன்னவ. என் வீட்டுக் கூடத்துல இருமின மனுஷனைப் பார்த்து அதைக் கேட்கலை. என் நினைப்பெல்லாம் கர்ப்பிணியிலயும் கைக்குழந்தையிலயும் இருந்தது. வேற எங்கேயும் இருந்த சுவர் இல்லீங்க, எனக்குள்ளேயே ஒரு துறை இருந்தது, அதுக்குள்ளே ஒரு சுவர் இருந்தது.

காசநோய்க்கு வேறொரு இடத்துல மாத்திரை ஆரம்பிச்சாங்க. இப்ப ரெண்டு இடம். சர்க்கரைக்கு ஒண்ணு, நெஞ்சுக்கு ஒண்ணு. அன்னைக்கு ராத்திரி அவர்கிட்ட, "சர்க்கரை டாக்டர்கிட்ட இதைச் சொல்லிடாதீங்க. எப்படியாவது பட்டறைக்குத் தெரிஞ்சா உங்களை ஒதுக்கி வெச்சுடுவாங்க" என்று ஒருத்தர் சொன்னாங்க. அப்படிச் சொன்னது யார் தெரியுமா? நான்தான். (அமைதி)

தை மாசம் சர்க்கரை ஏற ஆரம்பிச்சது. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். இன்னும் ஏறினது. மறுபடி கூட்டினார். 400-ஐத் தாண்டினது. "ஐயா, நீங்க வாயைக் கட்டலை" என்று டாக்டர் கோபிச்சார். நானும் விடலை. "எனக்குத் தெரியாம பொங்கல் பானையில கை வெச்சீங்களா? டீக்கடையில ஸ்வீட் தின்னுறீங்களா?" என்று தினமும் சண்டை. அந்த மனுஷன் ஒரு வார்த்தை பதில் பேசலை. சட்டை தோள்ல நிற்கலை, அவ்வளவு மெலிஞ்சு போனார். கால்ல ஒரு புண், ஆறவே இல்லை.

பங்குனியில ஒருநாள், மருந்துக் கவுண்டர்ல சர்க்கரைச் சீட்டை நீட்டியிருக்கார். சட்டைப் பையில இருந்த காசநோய் அட்டையும் கூடவே வந்துடுச்சு. உள்ளே இருந்த மருந்தாளுநர், ஒரு சின்னப் பையன், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தான். "ஐயா, சிறுநீர் செம்மஞ்சள் நிறத்துல போகுதா? இந்த மாத்திரை சாப்பிடறது சர்க்கரை டாக்டருக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

விஷயம் என்னன்னா, காசநோய்க்குக் கொடுக்கிற ரிஃபாம்பிசின் என்கிற மாத்திரை, சர்க்கரைக்குக் கொடுக்கிற சில மாத்திரைகளை உடம்பு சீக்கிரமா வெளியேத்தும்படி பண்ணிடும். டாக்டர் கூட்டிக் கூட்டிக் கொடுக்கிறார், இது அதைக் கழிச்சுக் கழிச்சு விடுது. ரெண்டு டாக்டரும் நல்லவங்க. ரெண்டு மருந்தும் சரியான மருந்து. ஆனா, ரெண்டு பேரும் பேசிக்காததால, நடுவுல இவர் கரைஞ்சுக்கிட்டு இருந்தார்.

அந்தத் தம்பி கேட்டான்: "ஐயா, உங்க டாக்டருக்கு நான் ஒரு சீட்டு எழுதலாமா? உங்களுக்குச் சம்மதமா?" இவர் தலையாட்டினார். மூணே மூணு வரி எழுதினான். 'இவர் இன்ன மருந்து சாப்பிடுகிறார். இன்சுலினுக்கு மாற்றலாமா என்று பாருங்கள். பதிலை இதே சீட்டின் பின்புறம் எழுதுங்கள்.' கீழே அவன் பேர், போன் நம்பர். மடிச்சு, ஒட்டி, இவர் கையிலேயே கொடுத்தான்.

அன்னைக்கே இன்சுலின் ஆரம்பிச்சாங்க. மூணே வாரத்துல சர்க்கரை அடங்குச்சு. புண் ஆறினது. காசநோய் மருந்தும் முழுசா முடிச்சார். நுரையீரல்ல கொஞ்சம் பழுதுதான். மாடி ஏறினா இன்னும் மூச்சு வாங்கும். ஆனா, உங்க முன்னாடி நீலச் சட்டையில உட்கார்ந்திருக்கார். (நீண்ட கைதட்டல்)

எதிரணி நண்பர்களே! மூணு வரி எழுத மூணு மாசமா? நீங்க அலைச்சல்னு சொல்றீங்களே, ரெண்டு துறையும் கைகோர்க்காத வரைக்கும் அலைஞ்சது யாரு? பேப்பர் அலையலை. மனுஷன் அலைஞ்சான். பேப்பர் ஒரு தடவை அலைஞ்சது, மனுஷனுக்கு நிம்மதி வந்தது!

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. சர்க்கரை வியாதி உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு என்று மருத்துவ ஆய்வுகள் சொல்கின்றன. 2017-ல் மத்திய அரசு, காசநோய்க்கும் சர்க்கரைக்கும் கூட்டு நடவடிக்கைத் திட்டமே வெளியிட்டது. காசநோய் வந்தவருக்குச் சர்க்கரை பார், சர்க்கரை உள்ளவரிடம் இருமல் கேள், இதுதான் அதன் சாரம். அது 2008-ல் இருந்திருந்தா, நான் என் புருஷனோட பொங்கலுக்குச் சண்டை போட்டிருக்க மாட்டேன்!

இன்னும் சொல்றேன். போலியோ! 1995 டிசம்பரில் நாடு முழுக்க சொட்டு மருந்து முகாம் ஆரம்பிச்சது. ஆவடி ரயில் நிலையத்துல ஐஸ் பெட்டியோட நான் நின்னிருக்கேன். மருந்து எங்க துறை. குழந்தையைத் தூக்கிட்டு வந்த அங்கன்வாடி ஆயா வேற துறை. மேஜை போட இடம் கொடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் ரயில்வே. பஸ் ஸ்டாண்டுல மைக் கொடுத்தவர் போக்குவரத்துத் துறை. இத்தனை பேர் சேர்ந்து நின்னதால, 2011 ஜனவரிக்குப் பிறகு இந்த நாட்டுல ஒரு குழந்தையும் காட்டுப் போலியோ கிருமியால கால் முடங்கலை. 2014-ல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழே கொடுத்தது. ஆளு கூடினா பாம்பு சாகாதுன்னீங்களே, செத்துப் போச்சே! (பலத்த கைதட்டல்)

நீங்க அரசு ஆஸ்பத்திரியில வாங்கற மாத்திரை அட்டையில 'தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல' என்று இருக்கும், பார்த்திருப்பீங்க. 1994-ல் ஆரம்பிச்ச தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வாங்கி அனுப்புற மருந்து அது. ஆரம்ப சுகாதார நிலையம், தாலுகா ஆஸ்பத்திரி, மருத்துவக் கல்லூரி என்று மூணு இயக்ககத்துக்கும் சேர்த்து ஒரே இடத்துல மொத்தமா வாங்கறாங்க. அரிசியைத் தெருவே சேர்ந்து மூட்டையா வாங்கினா விலை குறையும்னு எந்த அம்மாவுக்குத்தான் தெரியாது?

நம்ம அயப்பாக்கத்துலயே ஒரு உதாரணம் இருக்கு. அங்கே இருக்கிற தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் எப்படி வந்தது தெரியுமா? ஆவடியில தொழுநோய்க்காகக் கிராமம் கிராமமா நடந்த ஒரு களப் பிரிவு. சென்னையில மருத்துவப் புள்ளிவிவரம் பார்த்த ஒரு நிறுவனம். நடக்கிறவங்க ஒரு பக்கம், எண்ணுறவங்க ஒரு பக்கம். 1999-ல் ரெண்டையும் ஒண்ணாக்கினாங்க. அந்த நிறுவனமும் நம்ம மாநிலக் காசநோய்ப் பிரிவும் சேர்ந்து, 2022 ஏப்ரலில் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' கொண்டு வந்தாங்க.

அதுல என்ன பண்றாங்க? காசநோய்னு தெரிஞ்சதுமே அவரோட எடை, உயரம் பார்க்கிறாங்க. கால்ல வீக்கம் இருக்கா, மூச்சு எத்தனை, விரல்ல மாட்டுற கருவியில ஆக்சிஜன் எவ்வளவு, பிடிமானம் இல்லாம நிற்க முடியுதா என்று பார்க்கிறாங்க. மோசமா இருந்தா வீட்டுக்கு அனுப்பறதில்லை. உடனே ஆஸ்பத்திரியில படுக்கை. ஏன்னா, காசநோயில் சாகிறவங்கள்ல நிறைய பேர் மருந்து ஆரம்பிச்ச முதல் ரெண்டு மாசத்துலதான் சாகிறாங்க.

கண்டுபிடிக்கிறது ஒரு துறை. படுக்கை கொடுக்கிறது இன்னொரு துறை. கணக்கு பார்க்கிறது மூணாவது ஆள். எங்க தெருவுலேயே கட்டட வேலை செய்யற ஒரு பெரியவர். சுகாதார நிலையத்துல பார்த்தாங்க, நிற்க முடியலை. அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்குப் போன் போனது. ஆள் போய்ச் சேர்றதுக்குள்ள படுக்கை தயார். ஒரு வாரம் அங்கே இருந்து சாப்பிட்டுத் தேறி வந்தார். இப்ப எங்க வீட்டு முன்னாடி கயித்துக் கட்டில்ல உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். அவருக்கு இத்தனை துறை பேர் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. நோயாளிக்குத் துறை தெரியாம இருக்கிறதுதாங்க நல்ல கைகோர்ப்பு! (கைதட்டல்)

(மணி ஒலிக்கிறது)

முடிச்சுடறேன் ஐயா, ஒரே நிமிஷம்.

எதிரணி சொன்ன குறைகளுக்கு என்ன மருந்து? எல்லாம் அந்தச் சின்னப் பையன் எழுதின சீட்டுலயே இருக்கு. ரகசியம் போயிடுமேன்னு பயந்தீங்க. அவன் முதல்ல சம்மதம் கேட்டான். கடிதத்தை ஒட்டிக் கொடுத்தான். சேதி தெரிய வேண்டியவருக்கு மட்டும் தெரிஞ்சது. எழுத்து வேலைன்னு சொன்னீங்க. அவன் மூணு வரிதான் எழுதினான், மூணு ரெஜிஸ்டர் எழுதலை. பொறுப்பு யாருக்குன்னு கேட்டீங்க. அவன் கீழே தன் பேரைப் போட்டான், நம்பரைப் போட்டான், பதிலும் கேட்டான்.

எங்க மாமியாரும் அதைத்தாங்க பண்ணினாங்க. பால் பொங்கி வழிஞ்ச மறுநாள், அடுப்பைத் தனித்தனியா பிரிக்கலை. "இன்னையிலிருந்து பால் இவ பொறுப்பு" என்று ஒருத்தி பேரைச் சொன்னாங்க. அப்புறம் ஒருநாளும் பால் பொங்கலை. ஒரு வீட்டுல அடுப்பைப் பிரிச்சா பால் மிச்சமாகலாம், உறவு மிச்சமாகுமா?

தாய்மார்களே, உங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. துறைகள் பேசுற வரைக்கும் காத்திருக்காதீங்க. நீங்க எந்த டாக்டர்கிட்ட போனாலும், வீட்டுல இருக்கிற எல்லா மாத்திரையையும் ஒரே பையில போட்டு எடுத்துட்டுப் போங்க. "இதெல்லாம் சாப்பிடுறேன் ஐயா" என்று மேஜை மேல கொட்டுங்க. வெட்கப்பட்டு மறைச்சா என்ன ஆகும்னு, நர்சம்மா வீட்டுலயே பார்த்தாச்சு.

நடுவர் ஐயா, 34 வருஷம் எத்தனையோ பேருக்கு அறிவுரை சொன்னேன். என் வீட்டுக்காரரைக் காப்பாத்தினது என் அறிவுரை இல்லை. முகம் தெரியாத ஒரு தம்பி, இன்னொரு இடத்துல இருக்கிற டாக்டரைத் தன்னோட ஆளா நினைச்சு எழுதின மூணு வரி. அந்த மூணு வரிக்குப் பேர்தான் கைகோர்ப்பு. அது கொடுக்கிறது அலைச்சல் இல்லை, நிம்மதியே, நிம்மதியே என்று கூறி அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)